சீதனவீட்டில் ஒரு விளையாட்டறை: காத்தான்குடி இல்லமும் பழைய வீடியோ விளையாட்டுச் சாதனங்களும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச் சுவடிகளையும் நிருவாக அறிக்கைகளையும் நாடுவது இயல்பு. மட்டக்களப்புத் தேசத்து முஸ்லிம்களைப் பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவர்தம் குடிவழியையும் வாணிகத்தையும் பள்ளிவாசல் நிருவாகத்தையும், 1990 இல் அவர்கள் எதிர்கொண்ட பேரிழப்பையும் பொருளாகக் கொண்டவை. அவற்றின் பெறுமதியை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் வீட்டின் உள்ளே, சுவரிற் பதிந்த மின்குதையிலும் அதிற் செருகப்பட்ட பொருளிலும் ஒரு வரலாறு உறைந்து கிடக்கிறது என்பதை நாம் போதிய அளவு கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

'ரி.வி. கேம்' என்று எம்மவரால் அழைக்கப்பட்ட பழைய வீடியோ விளையாட்டுச் சாதனங்களைத் தேடிச் சேகரித்து, அவற்றுக்கென வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மின்னிணைப்புச் செய்து பேணும் வழக்கம் இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. காத்தான்குடியில் ஒருவர் அத்தகைய அறையொன்றை அமைக்க முற்படின் அவர் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள் யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள். பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரைக்குப் பல்கலைக்கழக ஏட்டில் இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்வறையின் ஒவ்வொரு கம்பியும் எமது ஊரின் சமூகப் பொருளாதார வரலாற்றில் எங்கோ ஓரிடத்திற் போய் முடிகிறது என்பதே அவர்க்கு என் விடை.

முதல் வினா மின்சாரம் பற்றியதன்று. அறை யாருடையது என்பது பற்றியது. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, மேற்கில் வாவியும் கிழக்கில் வங்கக் கடலும் நெருக்க, இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்தது காத்தான்குடி. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ நாற்பதாயிரம் மக்கள் இச்சிறு நிலப்பரப்பில் வாழ்ந்தனர். இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களுள் இஃது ஒன்று. கிழக்கிலங்கையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பொதுவாக நிலவும் தாய்வழிக் குடிமுறையும், மணமான ஆண் மனைவியின் வீட்டிற் சென்று வாழும் வழக்கமும் இங்கு உறுதியாக வேரூன்றியவை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்கிலங்கைச் சமூகம் பற்றி நெடுங்காலம் கள ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்ட பெருநூலில் இம்முறைமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்படும். மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, இளைய பிள்ளைகளுடன் பிறிதொரு வீட்டுக்கு நகர்வதும் உண்டு. வளவு இல்லாதபோது வீடு மேல்நோக்கி எழும். கீழ்த்தளம் மூத்தவளுக்கு, மேல்தளம் இளையவளுக்கு என அமைந்த வீடுகள் இவ்வகையில் தோன்றியனவே.

இதன் விளைவு யாதெனில், எமது ஊரில் ஆண்பிள்ளைக்குத் தான் பிறந்த வீட்டில் நிலையான அறை இல்லை. அவன் அங்கு ஒருவகை விருந்தினனே. இருபத்தைந்து வயதிலோ முப்பது வயதிலோ தன் உடைமைகளைக் கட்டிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குச் செல்ல வேண்டியவன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்போர் பலர் தம் பெற்றோர் வீட்டு நிலவறையிலும் பரணிலும் சிறுவயதுச் சாதனங்களை முப்பது ஆண்டுகளின் பின் கண்டெடுத்தனர் என்பதைக் கேட்கும்போது, எமது ஊரில் அத்தகைய பரண் ஏன் இல்லை என்ற வினா எழுகிறது. மகன் விட்டுச்சென்ற பெட்டி ராத்தாவின் வீட்டில் எவ்வளவு காலம் இருக்கும்? அடுத்த தங்கைக்கு அறை தேவைப்படும் வரையில் மட்டுமே. ஆகவே காத்தான்குடியில் ஒருவர் சேகரிப்பு அறையொன்றை அமைப்பாராயின் அது பெரும்பாலும் அவர் மனைவியின் உடைமையான வீட்டிலேயே அமையும். சுவரைத் துளைத்துக் கம்பி பதிப்பதற்கு முன்னர் யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இதனை நகைச்சுவையாகக் கூறினேனல்லேன். சேகரிப்பு என்பது ஆண்களின் தனியுலகம் என மேலைநாட்டார் எழுதும் கூற்றுக்கள் எமது ஊருக்குப் பொருந்தா என்பதே கருத்து.

அடுத்து, மின்சாரம். இலங்கையின் மின்வழங்கல் 1950 இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோடு புதுக்கட்டம் எய்தியது. கிழக்கில் கல்லோயாத் திட்டத்தின் அங்கமான இங்கினியாகலை மின்நிலையம் 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. இலங்கை மின்சார சபை 1969 இல் தோற்றம் பெற்றது. எனினும் 1970களின் முடிவிலும் நாட்டின் சிறுபான்மை வீடுகளே மின்னிணைப்புப் பெற்றிருந்தன. அவ்வாறு பெற்ற வீடுகளிலும் மின்சாரம் என்பது விளக்கையும் வானொலியையுமே குறித்தது. அறைக்கு ஒரு விளக்கு, மண்டபத்தில் ஐந்து அம்பியர் வட்டமுனைக் குதை ஒன்று என்பதே பொதுவான அமைப்பு. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னைகளோடு மின்கம்பங்களையும் வீழ்த்தியதை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர்.

தொலைக்காட்சியின் வருகை இதனை மாற்றியது. 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புச் சூழலில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 இல், யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினி, பிதுருதலாகலை உச்சியிலிருந்து நாடு தழுவிய ஒளிபரப்பை ஆரம்பித்தது. இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. யப்பான் தன் நாட்டில் 525 கோடுகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 60 புலங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையைக் கையாண்டது. எமக்கு அது அமைத்துத் தந்ததோ 625 கோடுகளும் 50 புலங்களும் கொண்ட பால் முறை. யப்பானிய வீடியோ விளையாட்டுச் சாதனமொன்று எமது வீட்டுத் தொலைக்காட்சியிற் சரிவரத் தெரியாமைக்கு அடிப்படைக் காரணம் இவ்வேறுபாடே.

வீடியோ விளையாட்டின் பொது வரலாற்றைச் சுருங்கக் கூறின், ரால்ப் பேயரின் ஆக்கத்திலிருந்து பிறந்த மக்னவொக்ஸ் ஒடிசி 1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது ஒலியற்றது. திரையின் மேல் நிறத்தாள்களை ஒட்டி விளையாடவேண்டியது. அற்றாரி நிறுவனத்தின் கசெற் மாற்றும் சாதனம் 1977 இலும், நின்ரென்டோ நிறுவனத்தின் ஃபமிகொம் 1983 யூலை 15 இலும் வெளிவந்தன. அதே யூலை மாதத்தின் இறுதி வாரத்தில் எமது நாட்டில் நிகழ்ந்தவற்றை இங்கு எழுதத் தேவையில்லை. யப்பானியச் சிறுவர் 14,800 யென்னுக்கு வாங்கிய அப்பொருள் எம்மை வந்தடைந்தபோது அதன் பெயரும் உருவும் மாறியிருந்தன. வந்தது ஃபமிகொம் அன்று. தாய்வானிலும் சீனாவிலும் உருவாக்கப்பட்ட அதன் போலிகள். ரஷியாவில் 1992 முதல் 'டென்டி' என்றும், போலந்தில் 'பெகசுஸ்' என்றும் விற்கப்பட்டவை இவ்வினத்தனவே. எமது ஊரில் அவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. ரி.வி. கேம் என்றாலே போதும்.

இவை எவ்வாறு வந்தன என்பதே எமது வரலாற்றுக்கு முதன்மையானது. வழிகள் இரண்டு. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. புறக்கோட்டைக் கடைத்தெருக்கள் வானொலி, கைக்கடிகாரம், கசெற் முதலியவற்றால் நிரம்பின. காத்தான்குடி வணிகர் நெடுங்காலமாகவே நாடெங்கும் சென்று வாணிகம் செய்வோர். புறக்கோட்டையிலும் அவர்க்குக் கடைகள் உண்டு. கைத்தறிச் சாரனையும் பிறவற்றையும் கொண்டுசென்றவர் மீளும்போது மின்சாதனப் பெட்டிகளோடு மீண்டனர். மற்றைய வழி வளைகுடா. 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து எழுந்த தொழில்வாய்ப்புக்களை நாடி இலங்கையர் சென்றனர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1990களில் அவ்வாறு சென்றோருட் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதும், அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள் என்பதும் யாவரும் அறிந்தன.

உம்மா அனுப்பிய விளையாட்டுச் சாதனத்துக்கும் வாப்பா கொண்டுவந்ததற்கும் வேறுபாடு உண்டு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ரியாத்திலோ குவைத்திலோ பிறர் பிள்ளைகளைப் பராமரித்த பெண், அப்பிள்ளைகள் கையில் கண்ட பொருளைத் தன் பிள்ளைக்கும் வாங்கி அனுப்புகிறாள். பிள்ளை அதனை விளையாடுகிறான். மூத்தம்மா அருகிலிருந்து பார்க்கிறார். பொருளியல் நூல்களில் இது 'நுகர்பொருள் இறக்குமதி' என்னும் ஒரு நிரலில் அடங்கிவிடும். அவ்வீட்டில் அது எதனை ஈடு செய்தது, எதனை ஈடு செய்யவில்லை என்பது எந்த நிரலிலும் இல்லை. இன்று பழஞ்சாதனங்களைச் சேகரிப்போர் அவை இயங்குகின்றனவா, பெட்டி உண்டா, கையேடு உண்டா என்று கேட்கின்றனர். யார் எந்நகரிலிருந்து எவ்வாண்டில் அனுப்பினர் என்பதையும் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவைத்தால், அச்சேகரிப்பு வெறும் விளையாட்டுப் பொருட்குவியலாய் இராது. புலம்பெயர் உழைப்பின் ஆவணக் களரியாகும். எழுதி வைக்க வேண்டிய காலம் இதுவே. அனுப்பியவர்கள் முதுமையெய்துகின்றனர்.

வளைகுடா வழி வந்த பொருளோடு தொழில்நுட்பச் சிக்கலும் வந்தது. சவூதி அரேபியாவில் அக்காலத்து வீட்டு மின்வழங்கல் 127 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். பெரிய சாதனங்களுக்கு 220 வோல்ற்று. குவைத்தில் 240 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். எமது நாட்டில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இதனாலேயே அங்கு விற்கப்பட்ட சாதனங்கள் பலவற்றின் பின்புறத்தில் 110 – 220 என மாற்றும் சிறு ஆளி இருந்தது. சவூதியின் தொலைக்காட்சி நெடுங்காலம் பிரெஞ்சுக்காரரின் சேக்காம் முறையைச் சார்ந்திருந்தது. குவைத்தும் ஐக்கிய அரபு இராச்சியமும் பால் முறையைச் சார்ந்திருந்தன. ஆகவே மூன்று முறைகளையும் காட்டவல்ல பன்முறைத் தொலைக்காட்சிகள் வளைகுடாச் சந்தையிற் பெருகின. அவற்றுட் பல எமது ஊர் மண்டபங்களை வந்தடைந்தன. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு சேகரிப்பாளர் பெருமுயற்சியோடு தேடவேண்டிய பன்முறைத் தொலைக்காட்சி, எமது ஊரில் பழுதுபார்ப்பவரின் கடைமூலையில் தூசிபடிந்து கிடக்கக்கூடும். இது எமக்கு வாய்த்த நற்பேறு. பழைய இரும்பு வாங்குவோர் அதனை உடைத்துச் செம்பை எடுக்கும் முன்னர் அதனைக் காத்தல் வேண்டும்.

அந்த ஆளியைப் பற்றி இக்கட்டுரையாளனுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. பள்ளிப் பருவத்தில், உறவினர் ஒருவர் கொண்டுவந்த சாதனத்தின் ஆளி 110 இல் நிற்பதைக் கவனியாது குதையிற் செருகினேன். ஒரு மெல்லிய ஒலி, பின்னர் எரிந்த அரக்கின் மணம். உருகி மட்டும் போயிருந்தால் நன்று. நிலைமாற்றியின் முதற்சுருளும் போயிற்று. காக்கா என்னை அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

இதன்பொருட்டே, அறையை ஒழுங்குசெய்யும் எவரும் முதலிற் செய்யவேண்டியது சாதனங்களின் மின்தேவையை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வது. யப்பானிய ஃபமிகொம் சாதனத்தின் வழங்கி 10 வோல்ற்று நேரோட்டத்தைத் தருவது. அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சாதனத்தின் வழங்கி தருவதோ 9 வோல்ற்று ஆடலோட்டம். அமெரிக்கச் சாதனத்தின் உள்ளே சீராக்கி உண்டு. யப்பானியச் சாதனத்தில் அது இல்லை. செருகிகள் ஒன்றுபோலத் தோன்றுதலால் ஒன்றை மற்றொன்றிற் செருகிக் கெடுத்தோர் பலர். அன்றியும், ஃபமிகொம்மின் செருகியில் நடுமுனை மறைமின்னாகும். கடையில் வாங்கும் பொதுவழங்கிகளில் நடுமுனை பெரும்பாலும் நேர்மின். வழங்கி ஒவ்வொன்றிலும் அது எச்சாதனத்துக்கு உரியது என்று பெயர் எழுதி ஒட்டுவது சிறுபிள்ளைத்தனமான காரியமன்று. வோல்ற்றளவைக் குறைக்கும் நிலைமாற்றிகளை வாங்குவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றுட் பல தன்னிலைமாற்றிகள். அவை வோல்ற்றளவைக் குறைப்பனவேயன்றி, பிரதான வழங்கலிலிருந்து சாதனத்தைப் பிரித்துக் காப்பனவல்ல. 1970களிலும் 80களிலும் வந்த சில தொலைக்காட்சிகளின் உட்சட்டகமே பிரதான வழங்கலோடு நேரே தொடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய பெட்டியைத் திறந்து கம்பி இழுத்துப் புதிய இணைப்புக் கொடுக்க முயல்வது உயிராபத்து. கதோட்டுக் கதிர்க் குழாயின் உயர்வோல்ற்று முனையோ 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. செருகியைக் கழற்றிய பின்னரும் ஏற்றத்தைத் தாங்கி நிற்பது. இவ்விடயத்தில் துணிவு பாராட்டத்தக்க பண்பன்று.

அறை முழுவதற்குமான சுமை எவ்வளவு என்று கணக்கிடுவோமாயின் வியப்பே எஞ்சும். 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி நூறு உவாற்று அளவிலும், எட்டு பிற்றுச் சாதனம் சில உவாற்று அளவிலும், பிளேஸ்ரேஷன் 2 இன் முதல் வடிவம் ஐம்பது உவாற்று அளவிலும் கொள்ளும். யாவற்றையும் ஒருங்கே இயக்கினும் 300 உவாற்றைத் தாண்டுவது அரிது. 230 வோல்ற்றில் இஃது ஒன்றரை அம்பியருக்கும் குறைவு. ஆகவே இடர் சுமையில் இல்லை. குதைகளின் பற்றாக்குறையில் உள்ளது. ஐந்து அம்பியர் வட்டமுனைக் குதை ஒன்றில் பலவழிச் செருகியை மாட்டி, அதில் இன்னொன்றை மாட்டி, தளர்ந்த தொடுகையில் தீப்பொறி தெறிக்க இயக்குவதே எமது வீடுகளின் பழைய வழக்கம். சதுரமுனைப் பதின்மூன்று அம்பியர்க் குதைகளைக் கொண்ட தனிச்சுற்று ஒன்றை அறைக்கென இழுத்து, அதற்குத் தனியான சுற்றுடைப்பானும், வீட்டுக்கு 30 மில்லியம்பியர் ரிப் சுவிச்சும் அமைத்தல் தகும். பதின்மூன்று அம்பியர்ச் செருகியின் உள்ளே உருகி உண்டு. சிறு சாதனங்களுக்கு மூன்று அம்பியர் உருகியே போதும். பதின்மூன்றை அப்படியே விட்டுவைப்பது காவலாளியை உறங்கவிடுவதை ஒக்கும். இவற்றைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புவித்தொடுப்பு எமது ஊரில் தனிக்கவனத்துக்குரியது. மேல்மணல் உலர்ந்திருக்கும் காலத்தில் மின்னைக் கடத்துவதில் மிக வலுக்குறைந்தது. ஆழத்தில் நீர் உண்டு. ஆனால் உவர்க்காற்றும் உவர்நீரும் புவிக்கோலின் பற்றியையும் கம்பியையும் அரிக்கும். ஒருமுறை அடித்த கோலைப் பத்தாண்டு திரும்பிப் பாராத வீடுகளே மிகுதி. மேலும் 2011 சனவரி வெள்ளத்தை அறிந்தவர் எவரும் குதையைத் தரையோடு ஒட்டிப் பதிக்கமாட்டார். முழங்காலுக்கு மேலே, இயன்றால் இடுப்பளவில் பதிப்பதே அறிவு. எறும்பும் பல்லியும் குதைக்குள் குடியேறுவதைத் தடுக்க, பயன்படாத துளைகளை மூடிவைத்தலும் வேண்டும்.

உப்பு பற்றி இன்னும் சில கூறவேண்டும். ஏனெனில் இதுவே காத்தான்குடிச் சேகரிப்பின் தலையாய பகை. கசெற்றின் செப்புத் தொடுமுனைகளில் பச்சை படியும். இரும்புத் திருகாணிகள் துருப்பிடிக்கும். வாடைக்காற்று மழைமாதங்களில் அட்டைப்பெட்டிகள் பூஞ்சணம் பிடிக்கும். கசெற் இயங்காதபோது அதன் வாயில் ஊதுவது உலகெங்கும் சிறுவர் செய்த காரியம். வாயின் ஈரம் தொடுமுனையை மேலும் அரிக்கும் என்பதை அறியாமலே நாமும் ஊதினோம். உண்மையில் ஊதியதாற் பயனில்லை. கழற்றி மீண்டும் செருகியதாலேயே தொடுகை சீர்பெற்றது. தூய ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்தலே முறை. கடற்பக்கச் சாளரத்தை மூடி, இயன்றளவு ஈரமற்ற உள்ளறையைத் தெரிந்து, மூடியிட்ட பெட்டிகளிற் சிலிக்கா மணிகளை இட்டுப் பேணுதல் வேண்டும். சூரிய ஒளியும் ஆகாது. அக்காலத்துச் சாம்பல்நிறப் பிளாஸ்ரிக்கில் தீத்தடுப்பின் பொருட்டுச் சேர்க்கப்பட்ட புரோமீன் சேர்வைகள் ஒளிபட்டு மஞ்சளிக்கின்றன. சில கசெற்றுக்களின் உள்ளே விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் சிறு நாணயவடிவ மின்கலம் உண்டு. அது பதினைந்து இருபது ஆண்டுகளில் ஓயும். ஓய்ந்தபின், எவனோ ஒருவன் 1990களில் வென்று முடித்த நாடுகளும் கோட்டைகளும் ஒருங்கே மறைந்துவிடும்.

படிமத்தின் இணைப்பு முறையும் வரலாற்று அடுக்குகளைக் காட்டுவது. முதற்கட்டச் சாதனங்கள் தொலைக்காட்சியின் அன்ரெனா வாயிலூடாகவே படத்தைச் செலுத்தின. வீட்டுக் கூரையில் நின்ற அன்ரெனாவைக் கழற்றி விளையாட்டுக் கம்பியைச் செருகவேண்டும். செய்திநேரம் வந்ததும் மீண்டும் மாற்றவேண்டும். இடி முழங்கினால் உம்மாமார் முதலிற் பிடுங்குவது இக்கம்பியையே. அது சரியான செயலே. யப்பானிய ஃபமிகொம் பயன்படுத்திய அலைவரிசை 90 மெகாஹேர்ட்ஸ் அளவினது; பால் முறைத் தொலைக்காட்சிகளின் வழக்கமான வரிசைகளில் அது அகப்படாது. அகப்பட்டாலும் நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாகவே தெரியும். போலிச் சாதனங்களைச் செய்தோர் இதனைத் தீர்த்த விதம் பாராட்டுக்குரியது. நின்ரென்டோ தானே பால் நாடுகளுக்கென விற்ற சாதனத்தில், என்.ரி.எஸ்.சி. முறைக்கென எழுதப்பட்ட விளையாட்டுக்கள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடின, இசையும் தாழ்ந்தது. தாய்வானிய யு.எம்.சி. நிறுவனத்தின் சில்லுகளோ, பால் திரைக்கு ஏற்ற நிறத்தைத் தந்தபடியே மையச் செயலியை யப்பானியச் சாதனத்தின் வேகத்துக்கு மிக அண்மையாக இயக்கின. திரையின் புலங்கள் ஐம்பதாகவே இருந்தமையால் ஆட்டம் சற்று மெதுவாக ஓடியது. ஆயினும் இசை தன் சுருதியிற் பிறழாது ஒலித்தது. போலியைச் செய்தவன், மூலத்தைச் செய்தவன் எம்போன்றோர்க்குத் தராததைத் தந்தான் என்று கூறின் அது மிகையாகாது.

இது சட்டத்தை மறந்து கூறுவதன்று. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவையும், அதன் இடத்தை எடுத்துக்கொண்ட 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் எமது நாட்டில் நடைமுறைக்கு வந்தவை. 'ஒன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் விளையாட்டுக்கள்' என்று மேலட்டையிற் பொறித்து, உள்ளே ஒரு சில விளையாட்டுக்களையே மீள மீளப் பெயர்மாற்றி அடுக்கிய கசெற்றுக்கள் சட்டத்துக்கு மட்டுமன்று, எண்கணிதத்துக்கும் புறம்பானவை. எனினும் வரலாற்றாசிரியன் போலி நாணயத்தையும் தூக்கி எறிவதில்லை. எச்சந்தையில் எது செலாவணியாயிற்று என்பதற்குப் போலியே பலவேளை நம்பகமான சான்று. எமது பிள்ளைகளின் கையில் இருந்தது போலியே. எனவே காத்தான்குடி அறையில், மேலைநாட்டுச் சேகரிப்பாளர் இழிவாகக் கருதும் அப்போலிக்கு முதல் தட்டு உரியது. விலைமதிப்புள்ள யப்பானிய மூலத்தை இணையச் சந்தையில் வாங்கி முன்னே வைத்து, உம்மா அனுப்பியதை ஒளித்துவைப்பது எனக்கு உடன்பாடன்று.

போர்க்காலம் இவ்வரலாற்றில் ஓர் இடைவெளி. 1990 யூனில் மீண்டும் மூண்ட போரும், அவ்வாண்டு ஓகஸ்ற் 3 ஆம் நாள் இரவுத் தொழுகையின்போது ஊரின் இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டமையும் ஊரின் நினைவை இரண்டாகப் பிளந்தன. அக்காலத்துப் பிள்ளைகள் மாலைக்குப்பின் வீட்டுக்குள் அடைபட்டனர். வீட்டுக்குள் விளையாடும் பொருளுக்குப் பெற்றோர் காட்டிய இணக்கத்தை இச்சூழலிலிருந்து பிரித்து நோக்கலாகாது. 2004 திசெம்பர் 26 இன் கடற்கோள் கரையோர வீடுகளை உள்ளிருந்த யாவற்றோடும் கொண்டுசென்றது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியுற்றபோது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று பாய்ந்ததால் நாடே இருளில் மூழ்கியதாக அறிவிக்கப்பட்டது. வழங்கல் மீளும் கணத்தில் எழும் வோல்ற்றுத் துள்ளலே பழஞ்சாதனங்களைக் கொல்வது. மின்வெட்டின்போது யாவற்றையும் குதையிலிருந்து கழற்றிவிடுதல், எத்தனை காப்புக்கருவிகள் வாங்கினாலும், மிக மலிவான காப்பு.

உலகின் பிறவிடங்களில் இவற்றுக்கெனப் பொது நிறுவனங்கள் எழுந்துள்ளன. பேர்லினிலுள்ள கணினி விளையாட்டு அருங்காட்சியகம் 1997 இல் தொடங்கியது. நின்ரென்டோ நிறுவனம் 2024 ஒக்ரோபரில் கியோத்தோவை அடுத்த ஊஜி நகரில் தன் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டில் 2010 இற்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 பங்கு இன்று விற்பனையிற் கிடைப்பதில்லை எனக் காட்டியது. அவர்களுடைய விளையாட்டுக்களின் நிலையே அதுவெனில், பெயரற்ற தொழிற்சாலைகளில் பெயர்மாற்றி அடிக்கப்பட்ட எமது கசெற்றுக்களைக் கணக்கெடுப்பார் யார்? காத்தான்குடியிற் பூர்வீக நூதனசாலையொன்று உண்டு. முன்னோரின் வாழ்வையும் புழங்குபொருட்களையும் அங்குக் காணலாம். புழங்குபொருள் என்னும் சொல் எவ்வாண்டோடு முடிவடைகிறது என்பதைப் பற்றி நாம் விவாதித்ததில்லை.

அதுவரை இப்பொறுப்பு தனியார் அறைகளுக்கே உரியது. அவ்வறைகளோ, முன்னர்க் கூறியவாறு, நிலையற்றவை. மகளுக்கு மணம் பேசும் நாள் வரும். அறை அவளுக்கு வேண்டும். சேகரித்தவர் தன் பெட்டிகளோடு மேல்தளத்துக்கோ வேறு வளவுக்கோ நகரவேண்டும். ஆகையால் சுவரோடு சுவராகக் கட்டிய தட்டுக்களைவிடக் கழற்றி எடுக்கத்தக்க தட்டுக்களே எமது ஊருக்குப் பொருந்தும். கம்பிகளைச் சுவருக்குள் பதியாது, திறக்கத்தக்க மூடியுடைய குழாய்வழியே மேற்பரப்பில் இழுத்தலே ஏற்றது. மின்வழங்கற் கம்பியும் படக்கம்பியும் ஒன்றையொன்று ஒட்டி ஓடாது, கடக்குமிடத்தில் செங்குத்தாகக் கடத்தல் வேண்டும். அன்றேல் ஒலியில் ஐம்பது ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் ஒரே இலக்கத்தை எழுதி, அவ்விலக்கங்களை ஒரு கொப்பியிற் பதிந்து வைத்தால், வீடு மாறும் நாளில் பிறர் உதவியின்றியே மீள இணைக்கலாம். அக்கொப்பியில் இலக்கத்துக்கு எதிரே, சாதனத்தின் பெயருக்கு அடுத்த நிரலில், அனுப்பியவரின் பெயருக்கும் ஊருக்கும் ஆண்டுக்கும் இடம் விட்டுவைக்கலாம். உம்மா இருக்கும்போதே அந்நிரலை நிரப்பிக்கொள்வது எளிது.